மூணு வருஷப் படிப்பு

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

உங்களை அடக்கம் பண்ணி ஆறு வாரமாச்சுங்க. சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்லாத வீடு எப்படி இருக்குதுன்னு எழுத நான் உக்காரலை. ஒரு பொய்யை ஒத்துக்கறதுக்கு உக்காந்திருக்கறேன். நம்ம சபைக்காரங்க படிச்சாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கம் மானமெல்லாம் போயிருச்சு.

நம்ம புள்ள கிரேசி நர்சிங்ல சேரலீங்க.

நீங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருமிட்டுக் கெடந்தப்ப, "புள்ளைய சேர்த்தியாச்சா அம்மணி?"ன்னு கேட்டீங்க. சேர்த்தியாச்சுங்கன்னு சொன்னேன். அன்னைக்கு நீங்க ரெண்டு இட்லி சேர்த்துச் சாப்பிட்டீங்க. அந்த இட்லி இன்னும் என் தொண்டையிலதான் நிக்குது.

சீட்டுக் கிடைச்ச கார்டு வந்த வாரமே நம்ம பாஸ்டர்கிட்ட ஜெபம் பண்ணச் சொல்லிக் கொண்டுபோனேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. நம்மாளுங்க புதுச் சைக்கிள் வாங்கினாலும் அவர் கை வெச்சு ஜெபிக்காம மிதிக்க மாட்டமே! அவரு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "சிஸ்டர், வருஷம் முடியறதுக்குள்ள ஆண்டவர் வந்துருவாரு. மூணு வருஷம் படிச்சுப்போட்டு இவ யாருக்கு ஊசி போடப் போறா?"ன்னு கேட்டாரு. சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். சேர வேண்டிய தேதி போற வரைக்கும் கார்டை அரிசி டப்பாவுக்குள்ள வெச்சிருந்தேன்.

நீங்களா இருந்தா பதில் சொல்லியிருப்பீங்க. ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தானே இருந்தீங்க? ரெண்டாயிரமாம் வருஷம் பொறக்காது, உலகம் எரிஞ்சு சாம்பலாகும்னு அவரு பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் வேதப்பாட வகுப்புல எந்திரிச்சு நின்னது நீங்க ஒருத்தர்தான். ஆண்டவர் வருவாரு, ஆனா கெடுத்துப்போட வரமாட்டாரு, ஆரம்பிச்சதை முடிக்க வருவாருன்னீங்க. விசுவாசத்தை விட்டு விலகின பின்மாற்றக்காரன்னு உங்களுக்குப் பேரு வெச்சாங்க. இரும்பு உருக்கற ஃபவுண்டரி வேலையில உலையைப் பார்த்துப் பார்த்து மூளை குழம்பிருச்சுன்னு பின்னாடி சிரிச்சாங்க. நானும் உங்க சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். எத்தனை தடவைங்க?

வெள்ளகோவில்ல உங்கப்பா தோட்டத்துக்காரங்க வாசல்ல சிரட்டையில டீ குடிச்சதை ஒரு நாள் வகுப்புல சொன்னீங்க. "எங்கப்பன் சிரட்டையில குடிச்சான். நான் கிளாசுல குடிக்கறேன். எம் பொண்ணு அவங்க கையைப் பிடிச்சு ஊசி போடுவா. மாவு இப்பத்தானுங்க புளிக்க ஆரம்பிச்சிருக்குது, இப்பப் போயி பானையைக் கவுத்துவாரா ஆண்டவரு?"ன்னு கேட்டீங்க. பாஸ்டர் பாட்டு நம்பரைச் சொல்லிப்போட்டாரு.

போன வருஷம் ஊர்ல குண்டு வெடிச்சப்ப, பாருங்க அடையாளம், பாருங்க அடையாளம்னு அவரு மைக்கைப் பிடிச்சுட்டு நின்னாரு. நீங்க ரத்தம் குடுக்க ஓடினீங்க. திரும்பி வந்து, எல்லாச் சாதி சனமும் கையை நீட்டிட்டு வரிசையில நிக்குது, எனக்கு அதுதான் அடையாளம்னு சொன்னீங்க. எனக்கு அப்பப் புரியலீங்க. பயம் வந்துட்டா நல்லது எதுவும் கண்ணுல படறதில்லை.

கிரேசி கதையைக் கேளுங்க. தெனம் காலையில பாஸ்டர் குடுத்த கைப்பிரதி நோட்டீசுக் கட்டைத் தூக்கிட்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டுல நிப்பா. உலகம் முடியப்போகுதுன்னு வர்றவங்க போறவங்க கையில திணிப்பா. சாயங்காலம் உங்க கட்டில்கிட்ட வந்து உக்காருவா. இன்னைக்கு என்ன கண்ணு சொல்லிக் குடுத்தாங்கன்னு நீங்க கேப்பீங்க. வார்டு நர்சம்மா செய்யறதைப் பார்த்துப் பார்த்துப் படிச்சு வெச்சதை உங்களுக்குப் பாடமா ஒப்பிப்பா. உங்க மணிக்கட்டைப் பிடிச்சு நாடி எண்ணிச் சொல்லுவா. நீங்க பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட, எம் பொண்ணு நர்சுங்கன்னு பீத்திக்குவீங்க. அவ வெளிய வந்து செவுத்துல முட்டிக்கிட்டு அழுவா. ஊழியக்காரப் புள்ள அழலாமான்னு அவளை அதட்டினவ நான்தான்.

நீங்க போன மூணாம் நாள் பாஸ்டரம்மா துக்கம் கேக்க வந்தாங்க. என் கையைப் பிடிச்சுட்டு நல்லாத்தான் அழுதாங்க. பேச்சுவாக்குல, அவங்க பெரிய பையனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னாங்க. எந்த ஹாஸ்டல்ங்கன்னு கேட்டேன். ஈரோட்டுப் பக்கம் இஞ்சினியரிங் காலேஜாம். ஆவணியில சேர்த்திருக்கறாங்க. நாலு வருஷப் படிப்புங்க மாமா! எம் புள்ளைக்கு மூணு வருஷம் இல்லாத உலகம் அவரு புள்ளைக்கு நாலு வருஷம் இருக்குதாமா?

ஞாயித்துக்கிழமை அவருகிட்டயே போயிக் கேட்டேன். அவனுக்கு அது தேவசித்தம் சிஸ்டர்னாரு. நாசமாப் போகட்டும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டு வந்துட்டேன். அவரை மட்டும் குத்தம் சொல்லி என்னத்துக்குங்க? கார்டை ஒளிச்சு வெச்சது என் கைதானே.

ஆனா இன்னொண்ணும் விளங்குச்சு. முடிவு, முடிவுன்னு பயங்காட்டறது நம்மளை மாதிரி இப்பத்தான் தலை நிமிர்ற சனத்தைத்தான். வசதி இருக்கறவங்க முடிவுக்கு அப்புறமும் இருக்கறதுக்கு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கறாங்க. உங்க நம்பிக்கையைப் பச்சப்புள்ளத்தனம்னு நினைச்சேன். அதுதான் முதுகெலும்புள்ள நம்பிக்கைன்னு நீங்க குழிக்குள்ள போனப்புறந்தான் தெரிஞ்சுது.

நேத்து கிரேசியும் நானும் அவளுக்குச் சீட்டுக் குடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு தடவை விட்டவங்களுக்கு மறுபடி சீட்டுக் குடுக்கறது கஷ்டம்னு சொன்னாங்க. நடந்ததை மறைக்காமச் சொல்லி அழுதேன். அங்க தலைமை நர்சா இருக்கற மேட்ரன் அம்மா கிரேசியைப் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அப்புறம் ஒரு ஃபாரத்தைக் குடுத்தாங்க. அடுத்த வருஷம் சேர்றதுக்கு. மூணு வருஷம் படிப்பு, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அங்கியே வேலை செய்யணும், நடுவுல நின்னுக்கக் கூடாதுன்னு பெத்தவங்க உறுதி எழுதித் தரணும். எந்த வருஷம் வரைக்கும்னு ஒரு கட்டம் இருந்துச்சு. கிரேசி என் மூஞ்சியைப் பார்த்தா.

ரெண்டாயிரத்தஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேனுங்க. இந்தத் தடவை யாருகிட்டயும் ஜெபத்துக்குக் கொண்டுபோகலை. அவளை நர்சாக்காம நான் கண்ணை மூட மாட்டேன். ஆண்டவர் நடுவுல வந்தாருன்னா, வந்து உக்காருங்க சாமி, புள்ள பரீட்சை எழுதிட்டு வந்துரட்டும்னு சொல்லுவேன்.

உங்க சட்டையைப் பிடிச்சு இழுத்த,
உங்க பொண்டாட்டி,
கிரேசியோட அம்மா