புளோறன்ஸின் வளவு

பாண்டிருப்பு, கல்முனை
18.01.2026

என் அன்புக்குரிய புளோறன்ஸுக்கு,

நீயும் பிள்ளைகளும் கடலுக்கு அப்பால் அகதி முகாமில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். நாங்கள் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஜெமீலுக்குச் சீனி வருத்தம் கூடி, வலது காலில் புண் ஆறாமல் கிடக்கிறது. மழை விடாமல் பெய்து நாவிதன்வெளியில் நெல் வேளாண்மை பாதி படுத்துவிட்டது.

போன கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குத் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டாய், சித்திரைக்குள் வந்துவிடுவாய் என்றாய். உங்கள் வேதக்கோயிலில் எரேமியா நபியின் கடிதத்தை வாசித்தார்களாம். எழுபது வருஷம் முடிந்ததும் சிறைப்பட்டுப் போனவர்களைத் திரும்பக் கூட்டி வருவேன் என்று ஆண்டவன் வாக்குக் கொடுத்தானாம். நமக்கு முப்பத்தைந்திலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாய். நான் ஓம் ஓம் என்றேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வளவுக் காணி சும்மா கிடக்கவில்லை, புளோறன்ஸ். அதில் நாங்கள் இருக்கிறோம்.

தொண்ணூறுச் சண்டையில் கைப்பிள்ளையோடு ஓடியபோது, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள் என்று என்னிடம்தான் வளவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். சுனாமியில் மருதமுனை வீடு போய் நாங்கள் கூடாரத்தில் கிடந்தபோதும், என்னுடைய வளவில் போய் இரு என்று நீதான் சொன்னாய். உன் கிணற்றடியில் தகரக் கொட்டில் போட்டோம். கடற்கரையில் திரும்பக் கட்ட விடவில்லை. தருகிறோம் என்ற வீடும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் மருதமுனைக்கே போய்விட்டோம் என்று உனக்குச் சொன்னது பச்சைப் பொய்.

பிறகு மகள் நுஸ்ஹாவுக்கு இருபத்துநாலு வயதானது. எங்கள் பக்கத்தில் சீதனமாகக் கொடுக்க வீடில்லாத பெண்ணை யார் எடுப்பார்கள், உனக்குத் தெரியாததா. வந்த மூன்று கலியாணப் பேச்சும் வீடு எங்கே என்ற கேள்வியோடு போனது. நாலாவதாக றிம்சானின் வீட்டார் கேட்டபோது ஜெமீல் உன் வளவைக் கைகாட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்பார்களே, நாங்கள் பாய் கேட்கவில்லை, கல்வீடே கட்டிவிட்டோம். நீ ஒவ்வொரு முறையும் கேட்கும் மாமரம் நின்ற இடத்தில்தான் முன்னறை இருக்கிறது. வருஷா வருஷம் காய்த்தது என்று நான் சொன்ன மாங்காய் எல்லாம் சந்தையில் பார்த்தது.

நீ வரும் செய்தியைச் சொன்னதும் மருமகன் றிம்சான் சட்டத்தரணியிடம் போனார். பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவர்களை எழுப்ப ஏலாதாம் என்று வந்து எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காணி உறுதி உன் பெயரில், உன் கையில் இருக்கிறது. நுஸ்ஹா மட்டும், "உம்மா, அவங்க வந்தா நாங்க எங்க போற?" என்று கேட்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருப்பதாகச் சொன்னாய். போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் முடியுங்கள் என்று. அது துரத்தப்பட்டவர்களுக்குச் சொன்னது. உனக்குக் கிடைத்ததோ பத்தடி அறை. அதையும் சேலையால் மறித்துத்தான் மூத்தவளுக்குக் கலியாணம் முடித்தாய். வீட்டையும் தோட்டத்தையும் கலியாணத்தையும் நான் செய்தேன், உன் மண்ணில்.

வராதே என்று எழுத நான் யார்? வா என்று எழுதினால் உன்னை எங்கே இருத்துவேன்?

நேற்று அஸர் தொழுதுவிட்டு உனக்காகக் கையேந்தினேன். உன் வேதத்தில் உள்ளபடி உன்னை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டேன். பக்கத்தில் இருந்த நுஸ்ஹா ஆமீன் சொல்லவில்லை. எனக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதை நீயே உன் கோயிலில் கேட்டுக்கொள், புளோறன்ஸ். கேட்கும்போது எங்களுக்கும் ஓர் இடம் கேள்.

உனக்குக் கடமைப்பட்ட,
சுபைறா