வெங்காயத் தோல் கேட்டுவிட்டது

வீட்டு மகாராணியின் சமூகத்துக்கு, கடல் கடந்து கிடக்கும் உன் அடிமை எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

உன் புருஷன் இங்கே வெங்காயத் தோலில் ஒரு காது செய்திருக்கிறான், தெரியுமா? ஒலியை உணரும் கருவிக்கு அந்தத் தோல்தான் செவிப்பறை. எறும்பு கொட்டாவி விட்டாலும் கேட்கும்! நேற்று, வெளிச்சத்தம் எதுவும் நுழையாத அறையில் தனியாக உட்கார்ந்து அதைச் சோதித்தேன். எதுவுமே பதிவாகக் கூடாது. ஆனால் ஏதோ முணுமுணுப்பு விழுந்திருந்தது. கோளாறென்றால் ஒரு வருட உழைப்பும் குப்பைக்குத்தான். ஆய்வகமே வயர் வயராகப் பிடுங்கித் தேடியது. கடைசியில் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டால், என் குரல்! “ஏய், சாப்பிட்டியா?”

“யாரைக் கேட்டீங்க சார்?” என்றார் மேலதிகாரி.

“வெங்காயத்தைத்தான்” என்றேன். கூரை பறக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் பேசியது எனக்கே தெரியாது.

ஆராய்ச்சிக்காக ஒரு சின்ன உதவி. உன் குரலைப் பதிவுசெய்து அனுப்பு. திட்டினாலும் பரவாயில்லை, நீளமாகத் திட்டு. பின்னால் மிக்சி ஓடினால் ஓடட்டும், நிறுத்தாதே.

அறையைப் பூட்ட ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். பதிவில் முதல் வேலையாக நேற்றைய கேள்விக்குப் பதில் சொல்லிவிடு. சாப்பிட்டியா?