சக்கரவர்த்தி அட்டை

செண்டாயான் தோட்டம்
3-5-2603

அன்புள்ள பஞ்சாலைக்கு,

இனி நடப்பதையெல்லாம் ஒளிவுமறைவின்றி என் தோழி உனக்கு எழுதப்போகிறேன். எங்கள் தோட்ட மானேஜர் கிரெய்க் துரையிடம் கற்ற பழக்கம். ஸ்காட்லாந்தில் தன் மீனவ ஊரைப் பற்றி மூன்று நாவல் எழுதியவர். குடித்துவிட்டுப் படகைக் கவிழ்த்துப் பத்துப் பேரைச் சாகடித்தது தன் அப்பாதான் என்று ஊர்ப்பேச்சிலேயே எழுதினார். ஊரார் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். இப்போது ஜப்பான்காரர்கள் அவரைச் சிங்கப்பூர்ச் சிறையில் வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தால் அடிக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீடு என்பதால் எங்கள் வீட்டைச் சோதிப்பார்கள். அதனால் துரை எனக்குத் தந்த அந்தப் படகு நாவலை உனக்கு அனுப்புகிறேன். ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்த நாளுக்குப் பள்ளியில் கொடுத்த படத்தால் அட்டை போட்டிருக்கிறேன். மரவள்ளிப் பசை, நன்றாக ஒட்டும். வெளியே அவர் முகம் இருந்தால் யார் திறந்து பார்ப்பார்கள்? கிழங்கு விற்கும் ராக்கம்மா அக்கா கூடையில் கொண்டு வருவார்.

ஜப்பான்காரர்கள் உத்தரவுப்படி 1943-ஐ 2603 என்று எழுதப் பழகிவிட்டேன், பார்.

உன் மார்த்தா

ரஹாங்
19-5-2603

மார்த்தா,

புத்தகம் வந்தது. திங்கட்கிழமை ஜப்பான்காரர்களும் வந்தார்கள். ஆங்கிலத்தை அவர்கள் பார்க்கவே இல்லை.

“சக்கரவர்த்தி மூஞ்சியில பசை தடவுனது யாருன்னு கேக்குறாங்க, வாத்தியாரே” என்றான் துபாஷி மணியம்.

“நான்தான்லா. புள்ளைங்க புத்தகத்துக்கு அட்டை போடுறது வாத்தியார் வேலைதானே” என்றார் அப்பா.

மண்டியிட வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். பல் ஒன்று என் பாவாடையில் விழுந்தது. லாரியில் ஏற்றும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பேசாதே என்று.

வீட்டில் எங்கே தேடியும் பசை கிடைக்காததால், அப்பா ஒட்டவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டியவர் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அப்பாவை விடுவார்களாம், மணியம் வந்து சொன்னான். உன்னை வா என்று சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

பஞ்சாலை

செண்டாயான் தோட்டம்
23-5-1943

அன்புள்ள பஞ்சாலைக்கு,

வியாழக்கிழமை காலை உன் கடிதம் கிடைத்தது. சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தேன். அப்பா மறிக்கவில்லை. “போனா திரும்ப மாட்டே, பாப்பா” என்று மட்டும் சொன்னார். ராக்கம்மா அக்கா கூடையோடு காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே வந்து கஞ்சி குடித்தேன்.

வாத்தியார் தலையைப் பாலத்துக் கம்பியில் செருகியிருந்ததை நேற்று அக்காதான் வந்து சொன்னார். வாயைத் துணியால் கட்டியிருந்தார்களாம்.

எனக்குக் காய்ச்சல் என்று உனக்கு எழுதச் சொல்கிறார் அப்பா. காய்ச்சல் இல்லை.

இதை மணியத்திடம் காட்டுவதும் கிழிப்பதும் உன் விருப்பம். அதற்காகத்தான் கீழே முழுப் பெயரும் எழுதுகிறேன்.

மார்த்தா
அந்தோனி கிராணி மகள்
கிராணி வீடு, செண்டாயான் தோட்டம்

தோட்டத்துச் சாலையில் லாரிச் சத்தம். சுற்று வீடுகளில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.