விருந்தாளி நாடுகளை மேல்படியில் வைத்தது குறித்து

அனுப்புநர்:
து. ரெங்கம்மாள்,
எட்டாம் வகுப்பு ஆசிரியை,
மங்களவிலாஸ் உதவிபெறும் நடுநிலைப்பள்ளி, திருச்சிராப்பள்ளி.
(வீடு: அடையவளஞ்சான் தெரு, ஸ்ரீரங்கம்)

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: எட்டாம் வகுப்பு மாணவி கி. ஆரிஃபாவைப் பள்ளியை விட்டு நீக்கியதை ரத்து செய்து, பொதுப் பரீட்சை எழுத அனுமதிக்க வேண்டுவது.

கனம் ஐயா,

1. நான் மேற்படி பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இவ்வாண்டு ஜூன் முதல், எங்கள் வகுப்பில் உலக நாடுகளின் பழக்கவழக்கங்களைச் செயல்திட்டமாக நடத்தினேன். எட்டுக் குழு, எட்டு நாடு. ஒவ்வொரு நாட்டிலும் வீடு தேடி வந்தவரை எப்படி வரவேற்கிறார்கள் என்பதே கேள்வி. பிள்ளைகள் நூலகத்தில் புத்தகம் எடுத்து, மதிய இடைவேளையில் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் கமிஷன் மண்டியில் வேலை பார்க்கும் கியாசுதீன் என்பவரின் மகள் ஆரிஃபாவுக்குச் சீட்டுக் குலுக்கலில் சீனா வந்தது. முப்பத்திரண்டு பக்க ஆல்பம் தயாரித்தாள். அவ்வளவு படித்த பிள்ளை என் வகுப்பில் வேறு யாருமில்லை.

2. செப்டம்பர் கடைசியில், நவராத்திரிக்குப் பள்ளியில் வழக்கமாக வைக்கும் கொலுவில் இவ்வாண்டு நாடுகளையே வைத்தோம். ஆரிஃபாவின் குழு அட்டையில் செய்த சீனக் கோபுரம் மூன்றடி உயரம். உயரமானதைப் பின்னால், மேல்படியில் வைத்தால்தான் மற்றவை கண்ணுக்குத் தெரியும் என்பது கொலு வைத்த எவருக்கும் தெரியும். கீழ்ப்படியில் நம் நாட்டை வைத்தோம்: இலை போட்ட பந்தி, பரிமாறும் இரண்டு மண்பொம்மைகள். கல்யாண வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதானே வீட்டுக்காரர்கள் உட்காருகிறோம்? அந்த முறைப்படி, அழைத்த நாடு கடைசிப் படியில். தலைமையாசிரியர் பாராட்டினார். பள்ளி மேனேஜர் அவர்கள் சுண்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் படமெடுத்து ஹாலில் மாட்டினார்கள்.

3. அதன்பின் அக்டோபரில் சீனா நம் எல்லையில் படையெடுத்ததைத் தாங்கள் அறிவீர்கள். நவம்பர் 9ஆம் தேதி, பாதுகாப்பு நிதிக் கூட்டத்துக்கு வந்த பிரமுகர் ஒருவர் ஹாலில் அந்தப் படத்தைப் பார்த்தார். சீனா உச்சியில், பாரதம் காலடியில் என்று கூச்சலிட்டார். கூட்டம் அதோடு கலைந்தது.

4. திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை வேளையில் முன்னூறு பிள்ளைகள் முன்னிலையில் தலைமையாசிரியர் சீன ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்தார். இரு கையாலும் தேநீர்க் கிண்ணத்தை நீட்டும் ஒரு சிறுமியின் படம் அதில் இருந்தது. ஆரிஃபா தன் கையால் வரைந்தது. அதுவும் கிழிந்தது. பிறகு, படியில் இப்படி அடுக்கியது யார் என்று கேட்டார். ஆரிஃபா வரிசையை விட்டு வெளியே வந்து, "நாந்தான் சார் வச்சேன். வீட்டுக்காரங்க கடைசியிலதானே உக்காருவாங்க" என்றாள். அன்று மாலையே மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் நடத்தை என்ற இடத்தில் "தேசபக்தியற்றது" என்று எழுதியிருக்கிறது. இந்தச் சான்றிதழைப் பார்த்த மூன்று பள்ளிகள் அவளைச் சேர்க்க மறுத்துவிட்டன.

5. இனி எழுதுவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பந்தி முறையை வகுப்பில் சொல்லி, அதன்படி அடுக்கச் சொன்னவள் நான். பிரார்த்தனைக்கு முன்பே தலைமையாசிரியர் என்னை அறையில் அழைத்து, இது யார் ஏற்பாடு என்று கேட்டார். "பிள்ளைகளே செய்தார்கள்" என்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். என் சம்பளத்தில்தான் வீட்டில் நால்வர் சாப்பிடுகிறோம். பிறகு அந்தப் பிள்ளை எனக்கு நாலடி முன்னால் நின்று பதில் சொல்லும்போதும் நான் வாய் திறக்கவில்லை. டீச்சர் சொன்னார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

6. சென்ற வாரம் அவள் தகப்பனார் மண்டியிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "தப்பு பண்ணியிருந்தா நீங்களே கண்டிச்சிருங்க டீச்சர். பரீட்சை மட்டும் எழுத விடச் சொல்லுங்க" என்று கும்பிட்டார். அவர் போனபின் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

7. பொதுப் பரீட்சைக்குப் பெயர்ப்பட்டியல் இம்மாதம் 15ஆம் தேதி பள்ளியிலிருந்து போகிறது. அதில் ஆரிஃபாவின் பெயர் விட்டுப்போனால் அவள் படிப்பு இதோடு நின்றுவிடும். ஆகவே, அதற்குள் அவளை மீண்டும் சேர்க்கவும், சான்றிதழில் எழுதிய அந்த ஒரு சொல்லை நீக்கவும் உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். படி அடுக்கியது குற்றம் என்று தாங்கள் கருதினால், அதற்குரிய தண்டனை என்னைச் சேரட்டும். இம்மனுவைத் தலைமையாசிரியர் வழியாக அனுப்புவதே விதி. அவர் வழியாக அனுப்பினால் தங்களை வந்து சேராது என்பதால் விதியை மீறியிருக்கிறேன். அதற்கும் உட்படுகிறேன்.

8. கடைசியாக ஒரு வேண்டுகோள். விசாரணை வைத்தால் என்னை மட்டும் அழையுங்கள். ஆரிஃபாவை அழைக்க வேண்டாம். அழைத்துக் கேட்டால், தான்தான் வைத்ததாக அவள் மறுபடியும் சொல்லிவிடுவாள்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 3-12-1962

பணிவுடன்,
து. ரெங்கம்மாள்
(ஒப்பம்)