தேநீருக்கு ஒன்று

தம்யாத்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய ஷஹாத்தா அவர்களுக்கு,

இறையருளால் இங்கு அனைவரும் நலம். யாரிடமும் பாடம் கேளாமல் நானே கற்ற எழுத்து, இத்தகையதொரு கடிதத்துக்குப் பயன்படும் என்று எண்ணியதில்லை.

ஹுர்கதா விடுதியில் கதவு பொருத்தும் வேலைக்குப் புறப்பட்ட அன்று, உறவினர் முன்னிலையில் சிகரெட் பெட்டியைக் கசக்கி எறிந்து, "இனி ஒண்ணு பத்த வெச்சேன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்!" என்று ஆணையிட்டீர்கள். எல்லோரும் கைதட்டினர். பணயம் வைக்கப்பட்ட நானோ சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

உங்களோடு அங்கு வேலை செய்யும் தம்பி ஃபத்ஹி நேற்று விடுப்பில் வந்தார். உங்கள் நலம் கேட்டேன். "அண்ணனுக்கென்ன அண்ணி, ஜோரா இருக்காரு. இருமல்கூடக் கொறஞ்சிருச்சு. டீக்கு ஒண்ணு, அவ்வளவுதான்" என்றவர், சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனிருந்த அடுத்த வீட்டு உம்மு ஹிஷாம் விழுந்து விழுந்து சிரித்தாள்: "அடியே, இப்ப நீ அவரு பொண்டாட்டியா, இல்ல என்னாட்டம் பக்கத்து வீட்டுக்காரியா?"

அப்போது முதல் இருப்புக்கொள்ளவில்லை. சுவரிலுள்ள உங்கள் படத்தைக் கடக்கையில் முக்காட்டை இழுத்துவிடுகிறேன். மறுகணமே வெட்கி விலக்குகிறேன். உங்கள் சட்டையை மடித்து வைக்கவும் தயக்கம்.

இன்று காலை பள்ளிவாசல் ஷேக்கிடம் சென்று மார்க்கத் தீர்ப்புக் கேட்டேன். "சிகரெட்ட விடணும்னு தன்னையே மெரட்டிக்கிட்டானா, இல்ல நெசமாவே ஒன்ன விலக்க நெனச்சானா? மெரட்டல்னா பத்து ஏழைக்குச் சோறு போடட்டும், நிக்காஹ்வுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மனசுல என்ன இருந்துச்சுன்னு அவன்தாம்மா சொல்லணும்" என்றார்.

ஆகவே சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம், அதில் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள்.

ஃபத்ஹியிடம் கிராம்பு கொடுத்தனுப்புகிறேன். தேநீர் வேளையில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கடற்கரைவரை நடந்து வாருங்கள். யாரேனும் சிகரெட் நீட்டினால் நெஞ்சில் கை வைத்து மறுத்துவிடுங்கள். அவமதிப்பாக எண்ணுபவர் எண்ணட்டும். தவறினால் மறுநாளை முதல் நாளாகக் கொள்ளுங்கள். முப்பதாண்டுப் பழக்கம் ஒரே சூளுரையில் அகலாது என்பதை நான் அறியேனா? ஒன்றுக்குப் பத்து முறை தோற்றாலும் குறைகூற மாட்டேன். ஆனால் என் பெயரில் இனி ஆணையிடாதீர்கள். உங்கள் நுரையீரலுக்கு நான் பிணை அல்ல.

இறைவன் உங்கள் மூச்சை நீட்டித்தருள்வானாக. 'தங்கள் மனைவி' என்று எழுதக் கை வரவில்லை. என் பெயருக்கு மேலே அதற்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பி, ஃபத்ஹி அங்கு வந்து சேர்ந்த அன்றே திருப்பி அனுப்புங்கள்.

..........................
இன்ஸாஃப்