காயவிட்ட நிலம்

அன்புள்ள இளவரசிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், மாடும் கன்றும் நலம், கத்திரி வெயிலைத் தவிர எங்களைப் படுத்துவது எதுவும் இல்லை. அந்த மணல் காற்றில் நீயும் இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்றே நினைத்து எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ பத்து சொல்கிறாய், அதற்குள் சிக்னல் போய்விடுகிறது, கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இதை நீ குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்க வேண்டும், அதனால் பார்சலில் மோர்மிளகாய்க்கும் வடகத்துக்கும் நடுவில் வைத்து அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். உங்கள் கம்பெனி நம் ஊரில் சோலார் பிளான்ட் வைக்கக் குத்தகைக்கு நிலம் கேட்கிறது, அது வந்தால் ராஜஸ்தானிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு நம் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்று நீ சொன்னாய். சொன்ன அன்றைக்கே உன் அறையைக் கூட்டித் துடைத்துப் பாயை வெயிலில் போட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும். அப்பாவும் அன்றிலிருந்து பஸ் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறார். நம் நிலம் அவர்கள் கேட்கிற இடத்துக்கு நட்டநடுவில் இருக்கிறது, பட்டா எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் பிளான்ட் வராது, நீயும் வர மாட்டாய். அது தெரிந்துதான் மாட்டேன் என்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் பஞ்சாயத்து ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் கம்பெனி ஆள் தினகரன் என்பவர், நல்ல மரியாதையான பையன்தான், டீயெல்லாம் கொடுத்து, சுவரில் ஒரு படம் காட்டினார். ட்ரோன் வைத்து மேலேயிருந்து எடுத்த படம். ஏரிக்குக் கீழே நம் கழனி முழுக்கச் செம்பழுப்பாகக் கிடக்கிறது, ஒரு புல் இல்லை. அதன் மேலே பயிரில்லாத வறண்ட நிலம் என்று எழுதியிருந்தது. பாருங்கள், இதுவும் பாலைவனம் மாதிரிதான் கிடக்கிறது, சும்மா கிடக்கிற இடத்தில் கரண்டாவது விளையட்டுமே என்றார். உன் வரதன் பெரியப்பாதான் முதலில் தலையாட்டினார். அவர் பங்கைக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு, மகன்கள் இரண்டு பேரும் மெட்ராசில், முட்டி வலியோடு எத்தனை நாள் வரப்பில் நடப்பார், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அறுவடை முடிந்து, நடவுக்கு வருகிற செங்கேணி தன் வாத்துகளை ஓட்டிவந்து உதிர்ந்த நெல்லை மேயவிட்டு, அதன்பின் பெய்த கோடை மழை ஈரத்தில் நாங்கள் ஆழ உழுதுபோட்ட நிலம் அது. கட்டி கட்டியாகப் பெயர்த்து, கத்திரியில் நன்றாகக் காயட்டும், புழுவும் கோரையும் சாகட்டும் என்று வேண்டுமென்றே விட்டது. டிராக்டருக்குக் காத்திருந்து அப்பா பட்ட பாடு உனக்கும் தெரியும். ஊரில் எந்தக் கழனி படத்தில் ரொம்பச் செத்துத் தெரிந்ததோ அதுதான் நன்றாகப் பார்த்துக்கொள்கிற கழனி.

நான் எழுந்து நின்று, "கோடை உழவு போட்டுக் காயவிட்ட நிலம் சார் இது. வைகாசியில காயலேன்னாதான் எங்களுக்குக் கவலை" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தினகரன் சங்கடமாகச் சிரித்து, மேடம் உங்கள் பெண்ணே எங்கள் எஞ்சினீயர் இல்லையா என்றார். அதைத்தான் பெரியப்பா பிடித்துக்கொண்டார். பொண்ணு அங்க தகடு வெச்சிக்கினு கீறா, அம்மா இங்க வாணான்றா, இன்னா பேஜாரான குடும்பம்டா இது என்று அப்பாவைப் பார்த்துச் சொல்ல, ஆபீசே சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார், அவர் சுபாவம் அப்படி. அப்போது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற செங்கேணி பேசினாள். அவர்கள் குடியிருப்பு கழனிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதும், நடவுக்கும் களைக்கும் அவர்கள்தான் வருகிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். பட்டா இல்லை என்பதால் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு மேல நீலத் தார்ப்பாய் போட்டுக்கீது, ஏரிக்கரைலேர்ந்து பார்த்தாலே தெரியும். அவ்ளோ ஒசரத்துலேர்ந்து பார்த்த உனுக்குத் தெரியலியா நைனா?" என்று கேட்டாள். அது எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றார் தினகரன். அதுக்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இந்த மாதக் கடைசியில் மறுபடி ட்ரோன் அனுப்புகிறோம், அப்போதும் நிலம் இப்படியே கிடந்தால் நீங்களே யோசியுங்கள் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

நீ என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நானும் இயற்பியல் படித்தவள்தான், வெயில் எப்படிக் கரண்ட் ஆகிறது என்று எனக்கும் தெரியும். நிலக்கரியை எரித்து எரித்து என்ன ஆகியிருக்கிறது என்பதும் தெரியும், ஒரு வருஷம் ஏரியே நிறையவில்லை, அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒரே நாளில் கொட்டி நாற்றெல்லாம் அழுகியது. நீ செய்கிற வேலை இந்த நாற்றுக்காகவும்தான் என்று பக்கத்துக் கழனிச் சொக்கம்மாளிடம் சண்டை போட்டிருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் வெயிலும் இருக்கிற இடத்தில் ஊர் ஊராகத் தகடு வைப்பதை விட்டால் வேறு வழி இல்லை, வையுங்கள், இன்னும் பெரிதாகவே வையுங்கள். ஆனால் போன மழைக்காலத்தில் நீயே சொன்னது ஒன்று எனக்கு மறக்கவில்லை. முதல் மழை விழுந்த பிறகு ஆட்டு மந்தையோடு ஒரு குடும்பம் உங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றது, வழக்கமாகப் போகிற வழி எங்கே, குளம் எங்கே என்று அந்த அம்மா உன்னைக் கேட்டாள், உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றாய். வெயில் காலத்தில் மந்தையை ஓட்டிக்கொண்டு வெளியூர் போய், மழைக்குத் திரும்புகிறவர்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டாயே. இடத்தை அளந்தது எந்த மாதம் என்று யோசித்துப் பார். அவர்கள் இல்லாத மாதத்தில் எடுத்த படத்தில் அவர்கள் எப்படி இருப்பார்கள். பாலைவனத்துக்கும் காயவிட்ட மாதம் என்று ஒன்று இருக்கும்போலிருக்கிறது. இப்போது பிளான்டைப் பெரிதாக்க வேலியை இன்னும் வெளியே தள்ளிப் போட நீதான் அளக்கப் போகிறாய். கரண்ட் வேண்டாம் என்று உன்னைச் சொல்லச் சொல்லவில்லை. அந்த அம்மா வந்த பிறகு அள. அவளுக்கு வழியையும் குளத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தில் வை. மேலதிகாரி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீ என் பெண்.

இங்கே தகடு வைக்க வேண்டுமானால் இடமா இல்லை. வாலாஜாபாத் பக்கம் ரைஸ்மில் கூரைகள் எல்லாம் காலை முதல் மாலை வரை வெந்துகொண்டிருக்கின்றன, நெல் குடோன் கூரை, பள்ளிக்கூடத்துக் கூரை, பஸ் ஸ்டாண்டு. அதற்கு ஒரு திட்டம் போடச் சொல் உங்கள் கம்பெனியை, அதற்கு எஞ்சினீயர் வேண்டும் என்று மாற்றல் வாங்கிக்கொண்டு வா, உன் பெட்டியை நானே பஸ்ஸிலிருந்து தூக்கி வருகிறேன். நிலத்தைக் கொடுத்து உன்னை வாங்கிக்கொள்ள மாட்டேன். அப்படி வந்தால் வரப்பில் என் முகத்தைப் பார்க்க உனக்கே பிடிக்காமல் போகும்.

சொக்கம்மாள் நேற்று வந்து ஒரு யோசனை சொன்னாள். மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டு இப்போதே தக்கைப்பூண்டு விதைத்துவிடலாம், ட்ரோன் வருவதற்குள் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும், அவன் வாயை அடைக்கலாம் என்று. அப்பாவுக்கும் அது சரியென்று பட்டது. நான்தான் கூடாது என்றேன். படத்துக்காக நான் எதற்கு நிலத்தை நனைக்க வேண்டும், பச்சையாக இருந்தால்தான் உயிரோடிருக்கிறது என்று அவர்கள் சொல்வதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா. காய வேண்டிய மாதத்தில் காயட்டும். அப்பா போய் மோட்டார் கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். ட்ரோன் வருகிற அன்றைக்கு நானும் சொக்கம்மாளும் செங்கேணியும், குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும், அந்த உழுத கட்டியின் மேலேயே போய் நிற்கப் போகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார். செங்கேணி தார்ப்பாயைக் கழற்றிக் கொண்டுவந்து நடுக்கழனியில் விரித்து மேலேயே உட்காரப்போகிறாளாம், இப்போ எல்லைக்கு உள்ளதான கீது என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

வடகத்தை ஈரக் கையால் தொடாதே. வெயிலில் நிற்கிற நாட்களில் மோர் கிடைக்காவிட்டால் உப்புப் போட்ட தண்ணீராவது குடி, தலைக்கு எண்ணெய் வைக்காமல் அந்த ஹெல்மெட்டைப் போடாதே. சுந்தரவரதப் பெருமாள் உன்னையும் அந்த மந்தைக்காரக் குடும்பத்தையும் சேர்த்தே காப்பாற்றட்டும், நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அந்தப் படம் உங்கள் ஆபீசுக்கு வந்தால் பெரிதாக்கிப் பார். கிணற்றுக்குக் கிழக்கே, மாம்பழக் கலர் புடவையில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது நான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சுலோச்சனா தாமோதரன்