லோஷினியின் காதுகள்

14 ஜூலை 2025, திங்கள்

பள்ளியில் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். மணி அடித்ததும் லோஷினி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாளாம். இழுத்த டீச்சரைக் கடித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பே "கிலா, கிலா" என்று கைதட்டியதாம். பைத்தியம் என்பதை மலாயில் சொன்னால் வலிக்காதா?

"மத்த புள்ளைங்க அவகூட பழகலைனா, லீவுக்கு அப்புறம் வேற ஸ்கூல் பாருங்கம்மா" என்கிறார் தலைமையாசிரியர். லகாட்டில் இந்த ஒரு தமிழ்ப்பள்ளியை விட்டால் எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "வளந்தா சரியாயிரும்லா. ஆட்டிசம் அது இதுன்னு எங்கக்காகிட்ட வாயத் தொறக்காத."

16 ஜூலை

தமிழில் ஒரு படப்புத்தகம் தேடி ஈப்போவில் கடை கடையாக அலைந்தேன். யானை இருக்கிறது, முயல் இருக்கிறது, என் பிள்ளை இல்லை. நானே வரைகிறேன். மீனு என்று ஒரு சிறுமி. கூரையில் காற்றாடி சுற்றினால் அவளுக்கு விமானம் மாதிரி கேட்கும். எனக்கு வரைய வராது. மீனுவின் கால்கள் அகப்பை மாதிரி இருக்கின்றன.

18 ஜூலை, வெள்ளி

டீச்சர் அனுமதித்தார். வகுப்பில் வாசித்தேன். மீனு காதைப் பொத்தும் பக்கம் வந்ததும் தனுஷா என்ற வாயாடிப் பெண் எழுந்து, "டீச்சர், இது லோஷினிலா!" என்று கத்தினாள். ஒரே சிரிப்பு. ஆனாலும் கடைசிவரை கேட்டார்கள்.

22 ஜூலை

ஓய்வு நேரத்தில் காற்றாடியைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்களாம். அவள் பக்கத்தில் வாளியைத் தட்டுகிறார்களாம். மீனு விளையாட்டாம். தனுஷாதான் தலைவி.

படம் போட்டு, எங்கே அடித்தால் வலிக்கும் என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். பாவி. என்ன தாய் நான்?

23 ஜூலை

எழுத ஒன்றுமில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இவர் பிறந்த தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ரப்பர் மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்த பிறகும், வெளியேறியவர்கள் எல்லாரும் இந்த ஒரு நாள் வந்துவிடுவார்கள். உறுமி மேளம் இருக்கும், வேண்டாம் என்றேன். "எங்கக்கா கேப்பாங்க" என்றார்.

மேளம் எழுந்ததும் லோஷினி அலறினாள். தலையை ஆட்டி ஆட்டித் தரையில் விழுந்தாள். "சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்த, மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். சாமி வந்தால் மேளத்தை இன்னும் ஓங்கித்தானே அடிப்பார்கள் - அடித்தார்கள். நாத்தனார் அவள் காலில் விழுந்து, "வாக்கு சொல்லு தாயி" என்று அழுகிறார். நான் பாய்ந்தேன். "ஆத்தாவத் தொடாத" என்று பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இவரைத் தேடினேன். கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்! முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஐயோ, அந்த முகத்தை எப்படி மறப்பேன்?

அப்போது கால்களுக்கு நடுவே ஒரு பிள்ளை புகுந்து வந்தது. தனுஷா. அவள் வீட்டாரும் இந்தத் தோட்டத்துக்காரர்கள் என்று எனக்குத் தெரியாது. லோஷினியின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினாள். லோஷினி கடித்தாள். தனுஷா கையை எடுக்கவில்லை.

"சாமி இல்லலா! மீனு மாதிரி அவளுக்கு காது வலிக்குது! அங்கிள், அடிக்காதீங்க!"

மேளம் நின்றது.

5 ஆகஸ்ட்

தனுஷாவின் கையில் பிளாஸ்டர். இன்றும் யாரோ காற்றாடியைப் போட்டு அணைத்தார்களாம். நிறுத்தச் சொன்னாளாம். சிலர்தான் கேட்டார்களாம்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார். வெள்ளிக்கிழமை லோஷினியைக் கோயிலுக்குக் கூட்டி வர வேண்டுமாம், வாக்குக் கேட்க ஆட்கள் காத்திருக்கிறார்களாம். இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"வரலக்கா. அவளுக்கு சாமி வரல. ஆட்டிசம். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்... ஆமா, டாக்டர் மூணு வயசுலயே சொன்னாரு. நாந்தான் ஒங்ககிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. இவர் போனை வைக்கவில்லை.